நாலாம் சதுரத்தின் எடை

ஐயா,

நாலாம் சதுரத்தின் எடை சரியானதுதான். தராசில் கோளாறு இல்லை, என் கண்ணிலும் இல்லை.

தங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை அஞ்சலில் வந்து சேர்ந்தது. போன ஆனியில் ஒரு சதுர கெஜத்துக்கு ஒன்பது அவுன்ஸ் காய்ந்த புல் கொடுத்த இடம், இந்தச் சித்திரையில் பத்தொன்பது அவுன்ஸ் கொடுத்தது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். மற்ற ஐந்து சதுரங்களும் ஒன்றிரண்டு அவுன்ஸ் ஏறி இறங்கி நிற்க, இது மட்டும் ஏன் இரட்டித்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடலில் இறங்காமல் கரையிலேயே உட்கார்ந்து எழுதிய எண்ணோ என்று கடைசி வரியில் ஒரு சந்தேகம். அந்த வரி என்னைச் சுட்டுவிட்டது. நான் பொய் சொன்ன இடங்கள் உண்டு. அவற்றை இதில் எழுதப் போகிறேன். எடையில் ஒருநாளும் சொன்னதில்லை.

மீன் இலாகாவுக்கு எழுதும் கடிதம் இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்று தெரியும். இந்த விஷயம் எனக்கு இங்கிலீஷில் வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளாந்துறைக் குடாவைத் தாங்கள் ஒருமுறை வந்து பார்த்திருக்கிறீர்கள். கரையிலிருந்து முன்னூறு கெஜம் தள்ளிப் பாறைவரிசை ஒன்று கடலை மறித்துக் கிடக்கிறது. அதன் உட்பக்கம் தண்ணீர் அடங்கி நிற்கும். அங்கேதான் கடற்புல் இருக்கிறது. பாசி இல்லை, வேரும் தண்டும் உள்ள அசல் புல். ஆறு இடங்களில் பத்து கெஜச் சதுரம் குறித்து, மூலைக்கு ஒன்றாக எண் போட்ட கல் இறக்கினோம். கற்களை மயிலாடியில் கொத்தி வாங்கினேன். கல்லறைக்கா என்று கொத்தியவர் கேட்டார். புல்லுக்கு என்றேன்.

மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு கெஜ மரச்சட்டத்தை வைத்து, அதற்குள் உள்ள புல்லை வேரோடு எடுக்க வேண்டும். நல்ல தண்ணீரில் கழுவி, ஓலைப்பாயில் மூன்று நாள் வெயில் காட்டி நிறுக்க வேண்டும். மேலே தெரியும் இலை பாதி எடைதான். மறுபாதி மண்ணுக்குள் கிடக்கும். வேருக்குச் சோம்பல்பட்டு இலையை மட்டும் நிறுக்கிறவர்களும் இருக்கலாம். நான் அப்படிச் செய்ததில்லை.

புல்லை எடுத்தவர் ததேயுஸ். வெள்ளாந்துறையில் அவரைப்போல மூச்சுப் பிடிக்கிறவர் கிடையாது. சொந்தத்தில் ஒரு கட்டுமரம் வைத்திருந்தார். விடியற்காலை மீனுக்குப் போய் வந்து, மத்தியானம் எனக்காக முங்குவார். கழுவிக் காயப்போடுவது அவர் மனைவி செசிலியின் வேலை. அந்தக் கத்தோலிக்க ஊரில் நான் ஒருவன்தான் சீர்திருத்த சபைக்காரன். ஆறேழு மாதம் ஊரார் என்னைப் 'புல்லுசாரு' என்று தூரத்திலிருந்தே கூப்பிட்டார்கள். ததேயுஸ்தான் முதலில் வீட்டுக்குள் அழைத்துச் சோறு போட்டார். பிறகு அங்கேயே என் சாப்பாடு என்றாகிவிட்டது. செசிலியை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

"கடலுக்க அடியில வயலு வச்சிருக்கது உலகத்துல நீங்க ஒருத்தருதான் சாரே," என்பார் ததேயுஸ். "அறுக்கது நானு. ஆனா ஒரு மணி நெல்லு கண்டதில்ல."

கேலி செய்தாலும் அந்தப் புல்லை அவர் என்னைவிட அறிந்திருந்தார். கணவாய் எந்த மாதம் எந்த இலையில் முட்டை ஒட்டும், எந்த மீன் குஞ்சாக இருக்கும்போது அதற்குள் ஒளியும் என்பதெல்லாம் அவர் சொல்லி நான் எழுதியவை. போன வருஷ அறிக்கையில் அந்தப் பகுதியைத் தாங்கள் பாராட்டியிருந்தீர்கள். எனக்கு முங்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அவரை எனக்குப் பிடித்திருந்தது. இனி வருவதைப் படிக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள், இது உண்மை.

பன்னிரண்டு மாதம் இடைவிடாமல் ஆறு சதுரங்களின் எடையும் வேண்டும் என்பது தங்கள் உத்தரவு. ஆனியில் தொடங்கி வைகாசியில் முடிய வேண்டும். கொல்லம் 1107-இல் தொடங்கினேன், ஆடியில் கெட்டது. 1108-இல் தொடங்கினேன், மறுபடியும் ஆடியில் கெட்டது. இரண்டு தடவையும் கெட்டது நாலாம் சதுரம்தான்.

காரணம் எளிது. ஆனி ஆடியில் கடல் கொந்தளிக்கும்போது கட்டுமரங்கள் பாறைவரிசையில் உள்ள ஒரு இடுக்கு வழியாகத்தான் குடாவுக்குள் வர முடியும். வந்ததும் உடனே கரையேற முடியாது. கரையில் உடையும் அலை தணியும்வரை கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிக் காத்திருப்பார்கள். அந்தக் கல் விழுகிற இடம் நாலாம் சதுரம். கட்டுமரம் ஆடுகிற ஆட்டத்துக்குக் கல் உழுதுகொண்டே போகும். ஒரு மத்தியானத்தில் பத்து மரம் நின்றால் பாதிப் புல் வேரோடு மிதக்கும். கொஞ்சம் தள்ளிக் கல்லைப் போடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். அலை வரும்போது எங்கே சாரே பார்த்துப் போட என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை.

மூன்றாவது தடவையும் கெட்டால் வேலையை மூடிவிடலாம் என்று 1109 பங்குனியில் தாங்கள் எழுதினீர்கள். சதுரத்தை நகர்த்தலாமே என்று யாராவது கேட்கலாம். நகர்த்தினால் அது வேறு சதுரம். பழைய எடைகளோடு வைத்துப் பார்க்க முடியாது. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. அதுவரை தொடங்கிய எதையும் நான் முடித்ததில்லை; கல்லூரிப் படிப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதையாவது முடித்தே தீர வேண்டும் என்று இருந்தேன்.

இனி பனையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கரைமேட்டில் மூன்று பனைகள் வரிசையாக நிற்கின்றன. நடுப்பனையின் தடியில் ஒரு ஆள் உயரத்துக்கு வெள்ளையடிப்பது ஊர் வழக்கம். கடலிலிருந்து வருகிறவர், பனையின் வெள்ளையையும் அதற்குப் பின்னால் நூறு கெஜத்தில் தெரியும் மாதா கோவில் சிலுவையையும் ஒரே நேர்கோட்டில் பிடித்துக்கொண்டு வந்தால், சரியாக இடுக்கின் நடுவே நுழைவார். அலைநுரையில் பாறை எது, வழி எது என்று கண்ணுக்குத் தெரியாது. பனைதான் வழி. ஒவ்வொரு வருஷமும் வைகாசிக் கடைசியில் ஒரு குடும்பத்துக்கு முறை வரும். போன வருஷத்து வெள்ளை மழையில் கரைந்து போயிருக்கும், புதிதாக அடிப்பார்கள். மற்ற மாதங்களில் பனையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

1109-இல் ததேயுஸின் முறை. அவருக்குத் திருக்கை முள் குத்திக் கால் வீங்கிக் கிடந்தது. என்னிடம் சொன்னார்:

"பனைக்கு நீங்க வெள்ள அடிச்சிருங்க சாரே. வேற ஒருத்தன்கிட்ட சொன்னா ஏனோதானோண்ணு அடிப்பான். நீங்கன்னா நூலு பிடிச்சு அடிப்பிய."

நான் நூல் பிடித்தேன். நடுப்பனைக்கும் தென்பனைக்கும் இடையே பத்தடி. சிலுவையிலிருந்து பனை நூறு கெஜம், இடுக்கு நானூறு கெஜம். பனை பத்தடி தெற்கே போனால், இடுக்கில் கோடு நாற்பதடி தெற்கே போகும். அப்படி வருகிற மரம் கல்லைப் போட்டால் வெறும் மணலில் விழும், புல்லில் விழாது. கணக்கு சரியாக இருந்தது. தென்பனைக்கு வெள்ளையடித்தேன். சுண்ணாம்பில் கருப்பட்டி கரைத்துச் சேர்த்தேன், மழைக்கு நிற்கட்டும் என்று. மீதிச் சுண்ணாம்பைச் சட்டியோடு என் குடிசையில் மூடி வைத்தேன். எதற்கு வைத்தாய் என்று தாங்கள் கேட்பீர்கள். பதில் என்னிடம் இருக்கிறது, ஆனால் அதை எழுதக் கை வரவில்லை.

இடுக்கின் தென்பக்கத்தில் தண்ணீருக்குள் ஒரு மொட்டைப் பாறை உண்டு. அதை நான் அறியவில்லை என்று முதலில் எழுதினேன். எழுதியதை அடித்துவிட்டேன். என் கையால் வரைந்த குடாவின் படம் தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. அதில் அந்தப் பாறையைக் கறுப்பு மையால் குறித்து, வற்றுநேரத்தில் இரண்டரை அடி ஆழம் என்று எழுதியிருக்கிறேன். கட்டுமரத்துக்கு ஒரு அடி தண்ணீர் போதும். ஆகவே மேலே கடந்து போய்விடும் என்று வைத்துக்கொண்டேன். அந்த ஆழத்தை நான் பங்குனியில், கடல் அசையாமல் கிடந்த ஒரு நாளில் அளந்தேன். ஒரே ஒருமுறை அளந்தேன். புல்லின் எடையை மும்முறை நிறுக்கிறவன் நான்.

வெள்ளையடித்த மறுநாள் செசிலி சாவாளை மீன் காயப்போட மேட்டுக்கு வந்தவள், பனைகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள்.

"சாரே, இந்தப் பனையா அது? எனக்கு நடுவுல உள்ளதுண்ணுதான் ஓர்மை."

நூல் பிடித்து அளந்துதான் அடித்தேன் அக்கா என்றேன். புது வெள்ளை கண்ணுக்கு வித்தியாசமாகத் தெரியும் என்றும் சொன்னேன்.

"சாரு சொன்னா சரிதான். எனக்க கண்ணுக்கு என்ன தெரியும்," என்று சிரித்துக்கொண்டே போனாள்.

ஆனி மூன்றாம் தேதி முதல் வெட்டு எடுத்தேன். நாலாம் சதுரம் ஒன்பது அவுன்ஸ். பதினோராம் தேதி காலையில் கடல் அமைதியாக இருந்தது. கால் ஆறிவிட்டதால் ததேயுஸும் போனார். துணைக்கு மரியானைக் கூட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டு கிரேசியின் ஒரே மகன், பத்தொன்பது வயது. பத்து மணிக்குமேல் காற்று திரும்பியது. வருஷத்தின் முதல் பெரிய அலை. நான் மேட்டில் பனைகளுக்குக் கீழே நின்றேன், கோடு வேலை செய்கிறதா என்று பார்க்க. போன ஐந்து மரங்களில் ததேயுஸின் மரம்தான் முதலில் திரும்பியது.

அவர் பின்னால் நின்று துடுப்புப் பிடித்திருந்தார். பனையையும் சிலுவையையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, ஒரு கோல்கூட விலகாமல் வந்தார். அதைப்போல நேராக ஒரு மரம் வந்து நான் பார்த்ததில்லை. பாறைவரிசைக்கு வெளியே அலை வாங்கியபோது, மொட்டைப் பாறையின் தலை தண்ணீருக்கு மேலே தெரிந்தது. கறுப்பாக, ஒரு பெட்டி அகலத்துக்கு. அடுத்த அலையில் மூடிக்கொண்டது.

கரையில் நிற்பவர் தலைத்துண்டை உயர்த்திக் குறுக்கே வீசினால், உள்ளே வராதே என்று பொருள். கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம். என் தோளில் துண்டு கிடந்தது. அதன் முனையைப் பிடித்துவிட்டேன். வீசினால் மரம் திரும்பி அடுத்த துறைக்குப் போகும். சாயங்காலம் ததேயுஸ் வந்து, ஏன் சாரே வீசினிய என்று கேட்பார். பனையைப் பார்ப்பார்கள். நடுப்பனைக்கு மறுபடி வெள்ளை விழும், நாலாம் சதுரத்தில் கல் விழும். இரண்டரை அடி இருக்கிறது, கடந்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன். பாறையின் தலையைக் கண்ணால் கண்ட பிறகும் இரண்டரை அடி என்றே சொல்லிக்கொண்டேன். துண்டின் முனை என் கையிலேயே இருந்தது.

மரம் பாறைமேல் ஏறியது. கட்டு அறுந்து தடிகள் தனித்தனியாகப் போயின. மரியானைத் தடி ஒன்று அடித்ததைப் பார்த்தேன். ததேயுஸ் அவனைப் பிடிக்க முங்கினார். அவர் மூச்சுப் பிடிப்பவர் என்பதால் நான் எண்ணிக்கொண்டே நின்றேன். நூற்றைம்பது வரை எண்ணினேன்.

ஊர் முழுக்கக் கரைக்கு ஓடியது. மற்ற நான்கு மரங்களும் இதைக் கண்டு அடுத்த துறைக்குத் திரும்பிவிட்டன. எல்லாரும் தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தபோது நான் குடிசைக்குப் போய்ச் சட்டியை எடுத்து வந்தேன். புல் அறுக்கும் அரிவாளால் தென்பனையின் வெள்ளையைச் சுரண்டினேன். நடுப்பனைக்கு அடித்தேன். அடிக்கும்போது அழுதேன். சத்தம் வராமல் அழ முயன்றேன், முடியவில்லை. யார் கேட்டிருந்தாலும் ததேயுஸுக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அவருக்காகத்தான் அழுதேன். இரண்டு உடல்களும் சாயங்காலத்துக்குள் கரைக்கு வந்துவிட்டன.

வெள்ளாந்துறையில் ஒரு வழக்கம் உண்டு. கார்த்திகைக்கு முன்னால் வரும் ஆத்துமாக்கள் திருநாளில், கடல் கொண்டுபோனவர்களின் பெயர்களைக் கோவிலில் ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். தன் கவனக்குறைவால் உடன் வந்தவனையும் சாகக்கொடுத்தவர் பெயரை மட்டும் வாசிக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியாரும் ஊர்ப்பெரியவர்களும் கூடினார்கள். கரையிலிருந்து முழுவதும் பார்த்தவன் நான் ஒருவன்தான். வேற்றுச் சபைக்காரன், ஒரு பக்கமும் சேராதவன், அளவு தெரிந்தவன் என்று என் வார்த்தையை மதித்தார்கள். வேதப்புத்தகத்தில் கைவைத்து, மரம் வழியிலிருந்து நாற்பதடி தெற்கே விலகி வந்தது என்று சொன்னேன்.

அது பொய் அல்ல. நாற்பதடிதான். அதைச் சொல்லிச் சொல்லியே பல மாதம் தூங்கினேன்.

நவம்பரில் மரியானின் பெயரை வாசித்தார்கள், ததேயுஸின் பெயரை வாசிக்கவில்லை. செசிலி கடைசி வரை முழங்காலில் இருந்தாள், ஒருவேளை கடைசியில் வருமோ என்று. கிரேசி தினமும் காலையில் தன் வாசலில் நின்று செசிலி வீட்டைப் பார்த்து, எனக்க பிள்ளைய எடுத்தவன் வீடு என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுகிறாள். செசிலி அதற்கு ஒருநாளும் எதிர்வார்த்தை பேசியதில்லை.

அவள் ஏன் பேசுவதில்லை என்பது எனக்குத் தெரியும். அடக்கம் முடிந்து எட்டாம் நாள் அவள் மேட்டுக்கு வந்து நடுப்பனையின் வெள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். நான் மரச்சட்டத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"எனக்க கண்ணுதான் தப்பு சாரே," என்றாள். "பனை மாறிப்போச்சுண்ணு அவருகிட்டயும் நான் சொன்னேன். சாரு அடிச்சா சரியாத்தான் இருக்கும்ணு சிரிச்சாரு. கடல்ல வச்சு எனக்க பேச்சு அவருக்கு ஓர்மை வந்திருக்குமோ? சந்தேகப்பட்டுத் திருப்பிட்டாரோ? நான் வாய வச்சிட்டு சும்மா இருந்திருந்தா ரெண்டு உயிரும் இருந்திருக்குமே?"

ஐயா, நான் செய்தவற்றில் எது பெரிது என்று ஒரு நீதிபதி கேட்டால் பனையைச் சொல்வார்கள், துண்டைச் சொல்வார்கள், வேதப்புத்தகத்தைச் சொல்வார்கள். அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டபோது, இல்லை அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்கு எந்தச் சாட்சியும் வேண்டாம், எனக்கு எந்த ஆபத்தும் இல்லை.

"இருக்கலாம் அக்கா," என்றேன்.

அதன்பிறகு எந்த மரமும் அந்த இடுக்கு வழியாக வரவில்லை. ஊர் வடக்குத் துறைக்கு மாறிவிட்டது. நாலாம் சதுரத்தில் பதினொரு மாதமாக ஒரு கல்லும் விழவில்லை. ஆகவே புல் வளர்ந்தது. தாங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ததேயுஸ் போன பிறகு நானே முங்கி எடுக்கிறேன். செசிலிதான் இப்போதும் கழுவிக் காயப்போடுகிறாள். அவளுக்கு வேறு வருமானம் இல்லை. சித்திரை வெட்டை அவள் பாயில் பரப்பியபோது ஒரு இலையை எடுத்து முழங்கையோடு வைத்து நீளம் பார்த்தாள்.

"நல்லா வளந்திருக்கு சாரே. அவரு இருந்தா பாத்து சந்தோசப்பட்டிருப்பாரு."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ததேயுஸ் வழியை விட்டு விலகவில்லை. செசிலியின் கண் தப்பில்லை. இந்த இரண்டையும் சாமியாருக்கும் கிரேசிக்கும் தாங்கள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; வருகிற நவம்பரில் அவர் பெயரை வாசிக்க வேண்டும். இரண்டு பேரையும் கொன்றவன் செல்வதாஸ் என்ற நான். போலீசுக்கும் இந்தக் கடிதத்தையே அனுப்பிவிடலாம். நான் எங்கும் ஓடமாட்டேன். இந்தப் புல்லின்மேல் எனக்கு இப்போது எந்த ஆசையும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். பன்னிரண்டாம் வெட்டு வருகிற வியாழக்கிழமை. காய மூன்று நாள் ஆகும். செசிலியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பாயைத் தட்டிக் காயவைத்திருக்கிறாள். திங்கட்கிழமை காலையில் நான் நிறுத்து எழுதிவிடுவேன். போலீசை அதற்குப் பிறகு வரச் சொல்லுங்கள்.